ஆண்ட்ரோமெடாவில் வெடிக்கக் காத்திருக்கும் வெண்குறுமீன்களை எப்படித் தேடுவது? (விவாத இழை)

கெடிலக்கரை, கடலூர்

நண்பர்களுக்கு வணக்கம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைக் கடந்து போன பிறகு எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. பொங்கலை ஒட்டிய ஒரு மாலையில், நிலவு எழுவதற்கு முன் மொட்டை மாடியில் நின்றிருந்தபோது, வடமேற்கு வானில் நல்ல உயரத்தில் ஒரு மங்கலான வெண்திட்டு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் அது. அந்தத் திட்டுக்குள் அடுத்து வெடிக்கப்போகும் விண்மீன் எது என்பதை, அது வெடிப்பதற்கு முன்பே சுட்டிக்காட்ட முடியுமா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. இத்தனை ஆண்டுகள் படித்ததை இங்கே வைத்து, உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

அந்தத் திரளில் மனிதர் கண்ட சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடித்துச் சிதறும் நிகழ்வு, ஒன்றே ஒன்றுதான். 1885 ஆகஸ்டில் அதன் நடுப்பகுதிக்கு மிக அருகில் ஒரு புதிய விண்மீன் தோன்றி, ஏறத்தாழ வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு ஒளிர்ந்து, சில மாதங்களில் மறைந்துவிட்டது. வெடிப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. அடுத்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

நான் பேசுவது 1ஏ வகைச் சூப்பர்நோவாக்களைப் பற்றி மட்டுமே. சூரியனைப் போன்ற விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்த பிறகு மிஞ்சும் கார்பன், ஆக்சிஜன் உருண்டைதான் வெண்குறுமீன். பூமியின் பருமனுக்குள் சூரியனின் நிறையை ஒத்த நிறை அடைபட்டிருக்கும். அந்த நிறை ஏறிக்கொண்டே போனால், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கில் அது தாங்கும் எல்லை முடிந்துவிடுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930இல் கப்பலேறிய சந்திரசேகர் கண்ட எல்லை அது. அந்த எல்லையை நெருங்கும்போது உள்ளே கார்பன் பற்றிக்கொள்ள, விண்மீன் முழுவதும் சிதறிப் போகிறது.

தனியாக இருக்கும் வெண்குறுமீன் எந்தக் காலத்திலும் நிறை ஏறாது. அருகில் துணை விண்மீன் ஒன்று இருந்து, அதிலிருந்து ஹைட்ரஜன் வந்து விழ வேண்டும். எந்த வேகத்தில் விழுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பில் கரும்புச் சக்கை தள்ளுபவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் புகைந்து கிடந்துவிட்டு ஒரு கணத்தில் குபீரென்று பற்றும். வெண்குறுமீனில் அதுவே நோவா. அந்தக் குபீரில், சேர்ந்த பொருளில் பெரும்பகுதி வெளியே வீசப்படுவதால் நிறை பெரிதாக ஏறுவதில்லை. அளவு மீறித் தள்ளினாலும் பயனில்லை, ஏனென்றால் மேலுறை உப்பிப் பெருத்துவிடும். இரண்டுக்கும் இடையே, ஆண்டுக்குச் சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும் என்ற குறுகிய வரம்பில் மட்டுமே, விழும் ஹைட்ரஜன் விழுந்தபடியே சீராக எரிந்து நிறையாகத் தங்குகிறது.

அப்படிச் சீராக எரியும் வெண்குறுமீனின் மேற்பரப்பு வெப்பநிலை சில லட்சம் டிகிரி இருக்கும். சூரியனைப் போல் பல்லாயிரம் மடங்கு ஆற்றலை அது மிகக் குறைந்த ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களாக வெளியிடும். இவற்றை மிகைமென் எக்ஸ் கதிர் மூலங்கள் என்கிறார்கள். பால்வழியின் துணைத் திரளான பெரிய மெகல்லன் திரளில் ஐன்ஸ்டைன் ஆய்வகம் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் கண்ட கால் 83, கால் 87 ஆகிய இரண்டும் இவ்வகையின் முதல் எடுத்துக்காட்டுகள். துணை விண்மீனிடம் பொருள் வாங்கும் வெண்குறுமீன்களே இவை என்ற விளக்கம் 1992இல் உறுதியான வடிவம் பெற்றது.

இனி ஒரு கணக்கு. எல்லையை அடைய ஒரு வெண்குறுமீன் 0.2 சூரிய நிறையைச் சேர்க்க வேண்டுமென்று கொண்டால், மேலே சொன்ன வேகத்தில் அதற்கு 20 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். ஆண்ட்ரோமெடா போன்ற பெரிய திரளில் இவ்வகை வெடிப்பு சில நூறு ஆண்டுக்கு ஒன்று நிகழ்கிறது. 400 ஆண்டுக்கு ஒன்று என்று கொண்டாலும், வெடிப்பை நோக்கி எரிந்துகொண்டிருக்கும் வெண்குறுமீன்கள் இன்றைய தேதியில் அங்கே 5,000 இருந்தாக வேண்டும். ஆனால் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் அங்கே கண்ட மிகைமென் மூலங்கள் பத்துகளில்தான் எண்ணப்படுகின்றன. அவற்றிலும் பெரும்பான்மை அண்மையில் வெடித்த நோவாக்களின் மிச்சச் சூடே என்று 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மீதி ஆயிரக்கணக்கானவை எங்கே? இதுதான் இந்த இழையின் கேள்வி.


காலாப்பட்டு மாணவன், புதுச்சேரி

ஐயா, விரிவாக எழுதியதற்கு நன்றி. நான் இயற்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எனக்கு ஓர் அடிப்படை ஐயம். நம்முடைய பால்வழியிலேயே வெண்குறுமீன்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் இன்னொரு திரளில் ஏன் தேட வேண்டும்? அருகில் இருப்பது தெளிவாகத் தெரியாதா?


துறைமுகத்தான், கடலூர் முதுநகர்

தம்பியின் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மீன்பிடித் தொழிலில் இருக்கிறது. முதுநகர்க் கடைத்தெருவின் நடுவில் நின்றுகொண்டு கடலூரில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ண முடியாது, பக்கத்துச் சுவரே மறைத்துவிடும். இரவில் படகில் ஐந்தாறு கடல் மைல் போய்த் திரும்பிப் பார்த்தால், கலங்கரை விளக்கத்தில் தொடங்கிக் கரையில் எரியும் விளக்கெல்லாம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் மங்கல்தான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்.

பால்வழிக்குள் நாம் கடைத்தெருவில் நிற்பவர்கள். திரளின் தட்டில் வாயுவும் தூசியும் நிறைந்திருக்கின்றன. மிகைமென் எக்ஸ் கதிர்களை அந்த வாயு விழுங்கிவிடும். வன்மையான எக்ஸ் கதிர் ஊடுருவிப் போகிற தடிமனில் இவை நின்றுவிடுகின்றன. அதனால் நம் திரளில் நமக்கு அண்மையில் இருப்பவை மட்டுமே தப்பித் தெரிகின்றன. ஆண்ட்ரோமெடா நம் தட்டிலிருந்து விலகிய திசையில் இருப்பதால் குறுக்கே இருக்கும் வாயு குறைவு. இதைவிடப் பெரிய வசதி தொலைவு பற்றியது. அங்கே இருக்கும் எல்லா விண்மீன்களும் நமக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே மங்கல். பால்வழியிலோ, மங்கலாகத் தெரிவது தொலைவாலா தன்மையாலா என்று பிரித்துச் சொல்வதே தனிப் பாடு.

எண்ணிக்கைக் கணக்குப் போட வேண்டுமென்றால் பக்கத்து ஊரை வெளியே நின்று பார்ப்பதுதான் சரி.


காலாப்பட்டு மாணவன், புதுச்சேரி

புரிந்தது அண்ணா. ஒரே தொலைவு என்பதன் பயனை நான் நினைத்துப் பார்த்ததில்லை.


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, புதுச்சேரி

கெடிலக்கரை ஐயாவின் 5,000 என்ற கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் நம் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2010 பிப்ரவரியில் மராட் கில்ஃபனோவ், ஆகோஷ் பொக்தான் ஆகிய இருவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வெண்குறுமீன்களை ஒவ்வொன்றாகத் தேடவில்லை. ஒரு திரளில் எத்தனை 1ஏ வெடிப்பு நிகழும் என்பதை அதன் அகச்சிவப்பு ஒளியிலிருந்து கணித்து, அத்தனை வெடிப்புக்கும் துணை விண்மீனிடம் பொருள் வாங்கும் வெண்குறுமீன்களே காரணமென்றால் அந்தத் திரள் மொத்தமாக எவ்வளவு மென் எக்ஸ் கதிர் வீச வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பிறகு சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் உண்மையில் அளந்ததோடு ஒப்பிட்டார்கள். அளந்தது, எதிர்பார்த்ததைப் போல் 30 முதல் 50இல் ஒரு பங்குதான் இருந்தது. முதிய விண்மீன்கள் நிறைந்த நீள்வட்டத் திரள்களில் 1ஏ வெடிப்புகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் இந்த வழியில் வந்திருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஆண்ட்ரோமெடாவின் நடுப்புடைப்பும் (நடுவில் விண்மீன்கள் நெருங்கிப் புடைத்திருக்கும் பகுதி) ஒன்று, அதன் துணைத் திரளான மெசியே 32ம் ஒன்று. மெசியே 32 மிகச் சிறியது. வாயு இல்லாத அளவுக்குக் குறைவு, விண்மீன்கள் முதியவை. துறைமுகத்தான் சொன்ன மறைப்பு அங்கே இல்லை, அதனால் கதிர் தடையின்றி நம்மை வந்தடைகிறது. இந்த மெசியே 32ஐ 1749இல் முதன்முதலாகக் கண்டவர் குய்யோம் லெ ஜாந்தீய்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1761ஆம் ஆண்டு வெள்ளிக் கடப்பை, அதாவது வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து இங்கே வரப் புறப்பட்டு, ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டதால் கரை இறங்க முடியாமல் கப்பலிலேயே அந்த நாளைக் கழித்தவர். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1768இல் இங்கே வந்து, இடிந்து கிடந்த ஊரின் நடுவே ஆய்வகம் அமைத்து, 1769 ஜூன் மாதக் காலையில் மேகம் மூடியதால் அதையும் காணாமல் போனவர். இங்கே இருந்த நாட்களில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணித முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதம் 41 விநாடி மட்டுமே குறைத்துக் காட்டியது என்றும், ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி கூட்டிக் காட்டியது என்றும் எழுதி வைத்தார்.

கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். அவர் கண்ட அந்தச் சிறு திட்டு, 260 ஆண்டு கழித்து இந்தக் கேள்விக்குச் சான்று சொல்லும் இடமாகியிருக்கிறது.


பாதிரிப்புலியூரான், கடலூர்

அம்மா சொன்ன ஆய்வைப் படித்த பிறகு, இந்தத் தேடலே தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. 5 விழுக்காட்டுக்கு மேல் இல்லையென்றால், துணை விண்மீனிடம் பொருள் வாங்கி வெடிக்கும் கோட்பாடு முடிந்துவிட்டது என்றுதானே பொருள்?

இன்னொரு சான்றும் இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 24 அன்று மெசியே 101 திரளில் ஒரு 1ஏ சூப்பர்நோவாவைக் கண்டார்கள். தொலைவு சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. வெடித்து ஒரு நாள் ஆவதற்குள் கண்டுபிடித்துவிட்டதால், தொடக்க ஒளியின் ஏற்றத்திலிருந்து வெடித்த பொருள் மிகச் சிறியது, அதாவது வெண்குறுமீன்தான் என்று நேரடியாகச் சொல்ல முடிந்தது. அதே இடத்தை ஹபிள் தொலைநோக்கி அதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படங்களில் அங்கே ஒன்றும் இல்லை. ஊதிப் பெருத்த முதிய விண்மீனான சிவப்புப் பெருமீன் துணையாக இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். சந்திராவின் பழைய படங்களிலும் மிகைமென் மூலம் எதுவும் இல்லை. 2014 ஜனவரியில் மெசியே 82இல் வெடித்ததற்கும் இதே கதை.

பிறகு எதற்காக ஆண்ட்ரோமெடாவில் மிகைமென் மூலங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்? இரண்டு வெண்குறுமீன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதி வெடிக்கின்றன என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு மேலே போகலாமே.


கெடிலக்கரை, கடலூர்

பாதிரிப்புலியூரான் அவர்களுக்கு. உங்கள் சான்றுகள் அனைத்தையும் ஏற்கிறேன். அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை.

முதலாவதாக, அந்த 5 விழுக்காடு என்ற எண் நீள்வட்டத் திரள்களுக்கும் ஆண்ட்ரோமெடாவின் நடுப்புடைப்புக்கும் உரியது. அங்கே இருப்பவை முதிய விண்மீன்கள். இளம் விண்மீன்கள் பிறக்கும் சுருள் கைகளுக்கு அந்த எண்ணைக் கொண்டுபோக முடியாது. அங்கே வாயுவும் தூசியும் மிகுதி என்பதால், மென் எக்ஸ் கதிர் குறைவு என்பதை மூலங்களே இல்லை என்று படிக்கவும் முடியாது.

இரண்டாவது செய்தி 2011ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. மெசியே 101 வெடிப்புக்கு ஏழு மாதம் முன்பு, அந்த ஜனவரியில், பிடிஎஃப் 11கேஎக்ஸ் என்ற 1ஏ சூப்பர்நோவா கண்டறியப்பட்டது. அதைச் சுற்றி வாயு உறைகள் இருந்தன. வெடிப்பில் சிதறிய பொருள் பின்னர் அந்த வாயுவில் போய் மோதியதும் பதிவாயிற்று. சிவப்புப் பெருமீன் துணையோடு, முன்பு பலமுறை நோவாவாக வெடித்த ஒரு வெண்குறுமீன்தான் இறுதியில் சூப்பர்நோவாவாயிற்று என்ற விளக்கமே அதற்குப் பொருந்துகிறது. ஒரே ஆண்டில் கண்ட இரண்டு வெடிப்புகளில் ஒன்று துணை இல்லை என்கிறது, மற்றொன்று துணை உண்டு என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

மூன்றாவதாக, ரோசான் டி ஸ்டெஃபானோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் முன்வைத்த கருத்து. 5,000 இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிலவே இருக்கின்றன என்ற முரண்பாட்டை 2010இலேயே அழுத்திச் சொன்னவர் அவர்தான் என்பதால், அவருடைய விளக்கத்துக்கு நான் தனி மதிப்பு தருகிறேன். பொருள் வந்து விழும்போது வெண்குறுமீனின் சுழற்சியும் வேகம் பெறுகிறது. வேகமாகச் சுழலும் உருண்டை 1.4 மடங்கைத் தாண்டியும் சரியாமல் நிற்கும். பொருள் வருவது நின்ற பிறகு சுழற்சி மெல்ல மெல்லத் தணிந்து, மிக நீண்ட காலம் கழித்துத்தான் வெடிக்கும். அதற்குள் துணை விண்மீன் தன் மேலுறையை இழந்து சுருங்கி மங்கிவிடும். அப்படியானால் வெடிப்பதற்கு முன் எடுத்த படத்தில் மிகைமென் மூலமும் தெரியாது, பெருமீனும் தெரியாது. மெசியே 101இன் வெற்றுப் படம் இந்த விளக்கத்துக்கும் முரண்படவில்லை.

இவை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தாலும், ஆண்ட்ரோமெடாவில் இன்று நம் கண்முன்னே இருக்கும் ஒன்றை ஒதுக்க முடியாது. எம்31என் 2008-12ஏ என்பது அதன் பெயர். 2008 டிசம்பரில் ஜப்பானிய வான்நோக்கிகள் கண்ட நோவா. ஒரு நோவா மீண்டும் வெடிக்கப் பல்லாயிரம் ஆண்டு ஆகலாம். நூறாண்டுக்குள் திரும்ப வெடித்தால் அதை மீள்நோவா என்கிறோம். இதுவோ ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை வெடிக்கிறது. ரோசாட் செயற்கைக்கோள் 1992, 1993ஆம் ஆண்டுகளிலும், சந்திரா 2001இலும் எடுத்த பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அவற்றிலும் இதன் எக்ஸ் கதிர் ஒளிர்வு இருந்தது. அப்போது யாரும் அதன் பொருளை அறிந்திருக்கவில்லை.

இவ்வளவு விரைவாக வெடிக்க வேண்டுமானால் வெண்குறுமீன் எல்லையை ஒட்டிய நிறையோடு இருக்க வேண்டும். கணிப்பு 1.38 சூரிய நிறை. வெடித்த ஆறு நாளில் மிகைமென் எக்ஸ் கதிர் தோன்றி, பதினெட்டு நாளை ஒட்டி அணைந்துவிடுகிறது. சாதாரண நோவாவில் இது மாதங்கள், ஆண்டுகள் நீடிக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் வெளியே வீசுவதைவிட உள்ளே தங்குவது மிகுதி என்பதால் நிறை ஏறிக்கொண்டே இருக்கிறது. 20,000 ஆண்டுக்குள் எல்லையைத் தொடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விண்மீன்களின் கணக்கில் அது நாளைக் காலை.

2019இல் வந்த இன்னொரு செய்திதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. இந்த நோவாவைச் சுற்றி 400 ஒளியாண்டுக்கும் மேல் நீளமுள்ள ஒரு வாயு ஓடு இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக, வெடிப்புக்கு மேல் வெடிப்பாகச் சுற்றியுள்ள வாயுவைத் துடைத்துத் தள்ளிக் கட்டிய ஓடு அது. எக்ஸ் கதிர் மறைந்து போனாலும் ஓடு மறையாது. தேடுவதற்கு இது ஒரு புதிய தடயம் அல்லவா? வெண்குறுமீனைக் காண முடியாத இடத்தில் அது வாழ்ந்த வீட்டின் சுவரைத் தேடலாம்.


காலாப்பட்டு மாணவன், புதுச்சேரி

ஐயா, 1.38 என்றால் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டதே. அப்படியானால் ஆண்ட்ரோமெடாவின் அடுத்த சூப்பர்நோவா இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, புதுச்சேரி

உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கார்பன், ஆக்சிஜன் உருண்டையாகப் பிறந்து, பொருள் சேர்த்து 1.38க்கு வந்திருந்தால் சிதறி வெடிக்கும். அப்படிப்பட்டவை பிறக்கும்போது சுமார் 1.1 சூரிய நிறைக்கு மேல் இருப்பதில்லை. தாய் விண்மீன் பெரியதாக இருந்து, ஆக்சிஜன், நியான் உருண்டையாகவே பிறந்திருந்தால், எல்லையை எட்டும்போது எலக்ட்ரான்களை அணுக்கருக்கள் விழுங்க, அது உள்நோக்கிச் சரிந்து நியூட்ரான் விண்மீனாகிவிடும். அப்போது நாம் எதிர்பார்க்கும் 1ஏ வெடிப்பு இராது.

வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வீசப்படும் பொருளில் நியான் மிகுந்திருக்கிறதா என்று நிறமாலையில் தேடுவார்கள். வீசப்படும் அளவு இந்த நோவாவில் மிகக் குறைவு, அதிலும் பெரும்பகுதி துணை விண்மீனிடமிருந்து வந்த ஹைட்ரஜன்தான் என்பதால், உள்ளே இருப்பது எளிதில் வெளிப்படுவதில்லை.


பாதிரிப்புலியூரான், கடலூர்

கெடிலக்கரை ஐயா சொன்ன சுழற்சி விளக்கத்தை நான் கருத்தில் கொள்ளவில்லை. "முடிந்துவிட்டது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரட்டை வெண்குறுமீன் வழியின் வலிமையையும் இந்த இழையில் பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் அண்மைக்காலச் சான்றுகள் அந்தப் பக்கம் கூடிக்கொண்டே போகின்றன.

பெரிய மெகல்லன் திரளில் எஸ்என்ஆர் 0509-67.5 என்ற சூப்பர்நோவா எச்சம் இருக்கிறது. கோளம் போன்ற அழகிய உருண்டை. 2012இல் ஷேஃபரும் பக்னோட்டாவும் ஹபிள் படத்தில் அதன் நடுவே உயிர்தப்பிய துணை விண்மீனைத் தேடினார்கள். நடுப்பகுதியில் ஒன்றும் இல்லை. 2025இல் அதே எச்சத்தைச் சிலியில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, கால்சியம் இரண்டு தனித்தனி ஓடுகளாக இருப்பது தெரிந்தது. மேலே படிந்த ஹீலியம் முதலில் வெடித்து, அந்த அதிர்ச்சி உள்ளே பாய்ந்து கார்பனை வெடிக்கச் செய்யும் இரட்டை வெடிப்பின் அடையாளம் அது. இந்த முறையில் வெடிக்க 1.4 மடங்கு நிறையே தேவையில்லை, 1 மடங்கை ஒட்டிய வெண்குறுமீனும் வெடிக்கும். அப்படியானால் சீராக எரிந்து எல்லையை நோக்கி ஏறும் 5,000 பேர் என்ற கணக்கின் அடித்தளமே மாறுகிறது.

2018இல் கையா விண்கலத்தின் தரவுகளிலிருந்து, அசாத்திய வேகத்தில் பால்வழியைவிட்டு ஓடும் மூன்று வெண்குறுமீன்களைக் கண்டார்கள். சுற்றிக்கொண்டிருந்த இணை திடீரென வெடித்து மறைந்ததால், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல் பறந்தவை அவை என்பதே விளக்கம். 2025இல் நமக்குச் சுமார் 160 ஒளியாண்டு தொலைவிலேயே, மொத்த நிறை 1.56 மடங்குள்ள ஓர் இரட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றையொன்று சுற்ற 14 மணி நேரம் ஆகிறது. அவை நெருங்கி வெடிக்க 2,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், இத்தகைய இரட்டைகளை ஆண்ட்ரோமெடாவில் காண வழியில்லை. ஹைட்ரஜன் எரியவில்லை, எக்ஸ் கதிர் இல்லை, ஒளியும் மிக மங்கல். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024இல் ஒப்புதல் அளித்த லிசா ஈர்ப்பு அலை ஆய்வகம் 2030களின் நடுவில் பறக்கும்போது, நெருங்கிச் சுற்றும் ஆயிரக்கணக்கான இரட்டைகளைப் பால்வழியில் கேட்கும். அது வரை இந்தப் பக்கம் நாம் இருட்டில்தான் நிற்கிறோம்.


கெடிலக்கரை, கடலூர்

மிகவும் பயனுள்ள பதிவு. 5,000 என்ற எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எல்லா வெடிப்பும் ஒரே வழியில் வருகின்றன என்று கொண்டால்தான் அந்த எண் நிற்கும். எண்ணை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். கண்டவை எத்தனை, காண வேண்டியவை எத்தனை என்ற விகிதம், இந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்பதை அளந்து தருகிறது. அதற்காகத்தான் தேட வேண்டும். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அது ஓர் அளவீடே.


துறைமுகத்தான், கடலூர் முதுநகர்

படிப்பதோடு நிற்காமல், கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்றும் பேசுவோம்.

ஆண்ட்ரோமெடா மாலை வானில் உச்சிக்கு வருவது அக்டோபர், நவம்பர் மாதங்களில். அதே மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2008-12ஏ நோவாவின் வெடிப்புகளும் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்திருக்கின்றன. லெ ஜாந்தீய்க்கு நேர்ந்தது நமக்கும் ஒவ்வோராண்டும் நேர்கிறது. உச்சத்திலேயே அதன் ஒளி 18.5 என்ற அளவில்தான் (எண் கூடக் கூட ஒளி மங்கல்) இருக்கும் என்பதால், கடலோர ஈரக்காற்றில் நம் சிறு தொலைநோக்கிகளுக்கு அது எட்டாது. மழை மறைவில் இருக்கும் லடாக்கின் ஹான்லேயிலிருந்து 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியும், விண்ணிலிருந்து இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் அதைத் தொடர்ந்திருக்கின்றன. ஹான்லே தொலைநோக்கி, எக்ஸ் கதிர் ஆய்வகம் இரண்டுக்கும் சந்திரசேகரின் பெயரே வைத்திருப்பது இந்தத் தேடலுக்குப் பொருத்தமானது.

ஆனால் பால்வழியின் மீள்நோவாக்கள் நமக்கு எட்டும். விருச்சிகத்தில் உள்ள யூ ஸ்கார்ப்பியை முதன்முதலாக வெடித்த நிலையில் கண்டவர் நார்மன் போக்சன், 1863 மே 20 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் ஆய்வகத்திலிருந்து. அதன் பிறகு 1906, 1917, 1936, 1945, 1969, 1979, 1987, 1999, 2010, 2022 என்று வெடித்திருக்கிறது. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறை. உச்சத்தில் இருகண் நோக்கியில் தெரியும், சில நாளில் மங்கிவிடும். 2010இல் அதை முதலில் கண்டவர்கள் புளோரிடாவைச் சேர்ந்த இரண்டு ஆர்வலர்கள். விருச்சிகம் நமக்குத் தெற்கு வானில் நன்றாக உயர்ந்து வரும், கோடையில் நம் வானமும் தெளிவு. 2030ஐ ஒட்டி நாம் கண்காணிப்பைத் தொடங்கிவிட வேண்டும்.


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, புதுச்சேரி

மழை மாதங்களுக்கும் வேலை இருக்கிறது. சந்திராவின் தரவுக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. 1999இல் விண்ணேறியதிலிருந்து ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியை அது பலமுறை படம் எடுத்திருக்கிறது. அரை விநாடிக் கோணம் வரை பிரித்துக் காணும் கூர்மை இருப்பதால், நெருக்கமான நடுப்பகுதியிலும் மூலங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

மாணவத் தம்பிக்கு ஒரு முன்னெச்சரிக்கை. சந்திராவின் முதன்மைக் கருவியின் வடிகட்டி மீது ஆண்டுக்கணக்காக மாசுப் படலம் படிந்து வருகிறது. அது முதலில் விழுங்குவது நாம் தேடும் மென் எக்ஸ் கதிர்களைத்தான். ஆகவே புதிய படத்தில் ஒரு மூலம் மங்கியிருந்தால் அது அணைந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது, படலத்துக்கான திருத்தத்தைச் செய்த பிறகே ஒப்பிட வேண்டும். மிகைமென் மூலங்களுக்குத் தொடக்க ஆண்டுப் படங்களே பொன் போன்றவை. மெசியே 32இலிருந்து தொடங்குங்கள். சிறிய திரள், வாயு இல்லை, மூலங்களும் சில. பழகுவதற்கு ஏற்றது.


காலாப்பட்டு மாணவன், புதுச்சேரி

அம்மா, நீங்கள் சொன்னபடி மெசியே 32இன் பழைய பதிவு ஒன்றை நேற்று இறக்கிக்கொண்டேன். மென்பொருளை நிறுவ இரண்டு இரவு ஆனது. திரளின் நடுவை ஒட்டி ஒரு புள்ளி நன்றாகப் பளிச்சிடுகிறது. மென் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோதும், ஆற்றல் மிகுந்த வன் பகுதியைப் பிரித்துப் பார்த்தபோதும் அது தெரிகிறது. இது மிகைமென் மூலமாக இருக்குமா?


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, புதுச்சேரி

இல்லை தம்பி. மிகைமென் மூலமாக இருந்தால் வன் பகுதியில் அது முற்றிலும் மறைந்திருக்க வேண்டும். இரண்டிலும் தெரிவது பெரும்பாலும் நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ உள்ள இரட்டையாக இருக்கும். மென் பகுதியில் இருந்து வன் பகுதியில் இல்லாத புள்ளி உண்டா என்று தேடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், எந்த ஒளிர்வு வரை தேடினீர்கள் என்ற எண்ணைக் குறித்து இங்கே இடுங்கள். அடுத்த பதிவைக் கெடிலக்கரை ஐயா எடுத்துக்கொள்ளட்டும்.


கெடிலக்கரை, கடலூர்

எடுத்துக்கொள்கிறேன். நடுப்புடைப்பின் 2001ஆம் ஆண்டுப் பதிவுகளை நான் பார்க்கிறேன். பாதிரிப்புலியூரான் அவர்கள் 2008க்குப் பின் வந்தவற்றைப் பார்த்தால், இரண்டையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடலாம். இங்கே இன்று மாலையிலிருந்து நல்ல மழை.